சாம்பக் கல்லுக்கும் ஜாதகம் பாரு மாப்ளே

மாப்ளே, நீ ஊடு கட்டப் போறேன்னு சொன்னதுல இருந்து நம்மூருல இஞ்சினீயருக பெருகிப் போனாங்க. டீக்கடையில ஒருத்தரு, சலூன்ல ஒருத்தரு, பெங்களூருல உக்காந்துக்கிட்டு போன்லயே அஸ்திவாரம் போடற உன்ற சித்தப்பன் மகன் ஒருத்தன். எல்லாரு பழமையையும் கேட்டுட்டு, வாட்ஸப்புல வந்ததையும் படிச்சுட்டு, மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து, "மாமா, சாம்பக் கல்லுல ஊடு கட்டுனா கேன்சர் வருமாமா?"ன்னு கேட்டே பாரு, அந்த அக்கறை எனக்கு ரொம்பப் புடிச்சுது. கேக்கறப்ப உன்ற வெரல் இடுக்குல சிகரெட்டு பொகைஞ்சுக்கிட்டு இருந்துது, அது வேற சங்கதி.

சூளைக்காரரு சொன்னாராமா, சாம்பக் கல்லு விஷம்னு. சாம்பக் கல்லு யாவாரி சொன்னாராமா, மண்ணை வெட்டிச் சுடறது பாவம்னு. ரெண்டு பேரும் உன்ற ஒடம்பு மேலயும் பூமாதேவி மேலயும் வெச்சிருக்கற பாசத்தை நெனச்சா எனக்கே கண்ணு கலங்குது. லோடு எறக்கிக் காசு வாங்குனதுக்கு அப்பறமும் அந்தப் பாசம் நிக்குமான்னு மட்டும் எனக்கு ஒரு சின்ன சந்தேகம்.

பயப்படு மாப்ளே, தப்பில்லே. ஆனா எங்க பயப்படோணுமோ அங்க பயப்படு. நீ பயந்துக்கிட்டு நிக்கறது தப்பான எடத்துல.

மொதல்ல உன்ற ஷெட்டுல அடுக்கி வெச்சிருக்கற சிமெண்டு மூட்டையைப் பொரட்டிப் பாரு. பி.பி.சி.ன்னு போட்டிருக்கும். அதுல 15-ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் இதே சாம்பல் கலந்திருக்குது. கலக்கலாம்னு ஐ.எஸ். 1489-ன்னு தர விதியே இருக்குது. சாம்பக் கல்லு வேண்டாம்னு சொல்லிட்டு, செங்கல்லை அடுக்கி, சாம்பல் சிமெண்டுல பூசி, உள்ளுக்குள்ள படுத்துக்கிட்டு, "அப்பாடா, தப்பிச்சோம்"னு மூச்சு உடப் போறே. உடு, நிம்மதியா உடு. ஊருல பாதிப் பேரு அப்படித்தான் உட்டுக்கிட்டு இருக்கறாங்க.

பட்டிக்காட்டுக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்காதே. என்ற பேத்தி கோயமுத்தூருல சிவில் படிக்கறா. அம்மிணி பரிட்சைக்குச் சத்தம் போட்டுப் படிப்பா, நான் கட்டல்ல படுத்துக்கிட்டே கேட்டுக்குவேன். பீசு கட்டுனது எம்மகன், படிச்சது நானு. வெளங்காததை அவளையே திருப்பிக் கேப்பேன். "தாத்தா, பரிட்சை உங்களுக்கா எனக்கா?"ம்பா. கட்டுன பீசுக்கு ரெண்டு பேரு படிக்கறோம்னு சொல்லிப் போடுவேன்.

இந்தச் சாம்பல் எங்கிருந்து வருதுன்னு கேளு. நம்ம பக்கம் மேட்டூருல 1987-ல இருந்து அனல் மின்சாரம் ஓடுது. நம்ம நாட்டு நெலக்கரியில மண்ணு ஜாஸ்தி. 100 கிலோ எரிச்சா 30-ல இருந்து 45 கிலோ வரைக்கும் சாம்பலா மிஞ்சும். கனமானது அடியில உழுகும். மிச்சம் பொகையோட மேல போகும். கரண்டு வெச்சு அதைப் புடிச்சு எறக்கறாங்க. அதுதான் ஃபிளை ஆஷ். வெரலுக்கு நடுவுல தேச்சாக் கூட நறநறங்காது, அம்புட்டு நைசு. நாடு முச்சூடும் 2021-22-ல மட்டும் 27 கோடி டன் அளவுக்கு இது குமிஞ்சுது. நீ ஃபேனைப் போட்டுக்கிட்டு, டிவியைப் போட்டுக்கிட்டு, ரெண்டையும் ஓட உட்டுட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கிட்டு அரசியல் பேசறே பாரு, அதுலயும் ஒரு கை சாம்பல் உம்பேருல விழுந்திருக்குது.

இத்தனையையும் எங்க கொட்டறது? கவருமெண்டு ஒரு வழி கண்டுபுடிச்சுது: உன்ற செவுத்துல கொட்டறது. 1999-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை போட்டுது. அனல் மின் நெலையத்தைச் சுத்தி 50 கிலோமீட்டருக்குள்ள செங்கல் அறுக்கறவங்க 25 சதவீதமாவது சாம்பல் கலக்கோணும்னு சட்டம். 2003-ல அந்த 50, 100 ஆச்சு. 2016-ல 300 ஆச்சு. அப்பறம் 2021 டிசம்பர் 31-ல இன்னொண்ணு வந்துது: சாம்பல் பூராத்தையும் பயன்படுத்தியே ஆகோணும், மிச்சம் வெச்சா டன்னுக்கு 1000 ரூவா தண்டம். நடுவுல, கல்லு அறுக்கறவங்களுக்குன்னு சாம்பல்ல 20 சதவீதத்தைச் சும்மாவே குடுக்கோணும்னும் ஒரு விதி போட்டாங்க. ஆகக்கூடி, கரண்டு கம்பெனிக்காரன் உன்ற மேல ஆசைப்பட்டுச் சாம்பலைத் தாட்டி உடறான்னு நெனச்சுக்காதே. அந்த ஆயிரம் ரூவா மேல இருக்கற ஆசைதான் லாரி ஏறி வருது.

அதுக்காக அவன் குடுக்கறது கெட்டதுன்னு ஆயிருமா? ஆகாது. தலையில கட்டறதுக்காகக் குடுத்தாலும் நல்ல சாமானா இருந்தா வாங்கிக்கலாம்.

செங்கல்லு பழசு, அதனால சுத்தம்னு நெனச்சுக்கிட்டு இருக்கறவங்களைக் கோயமுத்தூருக்கு வடமேக்கால தடாகம் பக்கம் ஒரு நடை கூட்டிட்டுப் போகோணும். செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, ஓடைக்கரையைத் தின்னு, யானைத் தடத்துல பள்ளம் பறிச்சு வெச்சிருந்தாங்க. அனுமதி இல்லாம ஓடுன சூளைக நூத்துக்கு மேல. கோர்ட்டு வரைக்கும் போயி 2021-ல எல்லாத்தையும் இழுத்து மூடுனாங்க. இத்தனை வருசமா அந்தப் பொகையைக் குடிச்சவங்களைப் பத்தி உன்ற வாட்ஸப்புல ஒரு வரி வந்துதா? வராது. செவப்பா இருக்கறதுக்கு நம்ம சனத்துக்கிட்ட எப்பவும் ஒரு சலுகை உண்டு.

செரி, சாம்பல் எப்படிக் கல்லாகுதுன்னு பாரு. வெறும் சாம்பலைத் தண்ணியில கொழைச்சா அது சேறு. ஆனா அதுக்குள்ள இருக்கற சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்பைக் கண்டா சும்மா இருக்காது. ஈரம் இருக்கற வரைக்கும் மெதுவா ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கிட்டு எறுகும். அதனால சாம்பலோட சுண்ணாம்பு, ஜிப்சம், இல்லாட்டிச் சிமெண்டு, கூடக் கொஞ்சம் கிரஷர் தூசி போட்டு மெஷின்ல அழுத்தி எடுக்கறாங்க. சூளை கெடையாது, வெறகு கெடையாது. தண்ணி ஊத்தி ஆறப்போட்டாப் போதும். விசாகப்பட்டணத்துல பானுமதிதாஸ், காளிதாஸ்னு ரெண்டு பேரு, ஃபால்-ஜின்னு பேரு வெச்சு இந்த முறையைச் சின்னச் சின்னப் பட்டறைக்காரங்க கையில கொண்டாந்து சேத்தாங்க.

இதென்ன நேத்து வந்த வித்தைன்னு மூக்கைச் சுளிக்காதே. சுட்ட செங்கல்லைப் பொடிச்சுச் சுண்ணாம்புல கலந்தா அது சுருக்கிக் காரை. 1895-ல பென்னி குயிக் துரை கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணையில இருக்கறது சுண்ணாம்பும் அந்தச் சுருக்கியும்தான். சுருக்கி பண்ற வேலையத்தான் சாம்பலும் பண்ணுது. உன்ற பாட்டன் அந்த அணையைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். நீ அதே வித்தையில செஞ்ச கல்லைப் பாத்துட்டு அல்லையில ஒதுங்கறே.

இப்ப விஷத்துக்கு வாரேன். அதைக் கேக்கத்தானே நீ இத்தனை நேரம் பொறுமையா உக்காந்திருக்கறே.

நெலக்கரியில இருக்கற கரி எரிஞ்சு போகுது. மண்ணுல இருந்த ஆர்செனிக்கு, ஈயம், குரோமியம், காட்மியம், பாதரசம், எல்லாம் துளித்துளியா மிஞ்சுது. பாதரசம் ஒரு பங்கு பொகையோடவே போயிரும். கூடவே யுரேனியம், தோரியம், அதுக பெத்த ரேடியம். கரி கழிஞ்சு போனதால, நெலக்கரியில இருந்ததை விடச் சாம்பல்ல இதுக பல மடங்கு செறிவா இருக்கும். இதுல பொய்யே இல்லே. உன்ற வாட்ஸப்பு இது வரைக்கும் நெசம்தான் சொல்லுது. அதுக்கு மேலதான் அதுக்குக் கால் வழுக்குது.

ஏன்னா இதே சாமானுக எல்லா மண்ணுலயும் இருக்குது. செங்கல்லுல இருக்குது. உன்ற சம்சாரம் அடுப்படிக்குக் கேட்டு அடம் புடிச்ச கிரானைட்டுல இருக்குது. 1997-ல அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் ஒரு அறிக்கை போட்டுது. நெலக்கரிச் சாம்பல்ல இருக்கற கதிர்வீச்சு, கிரானைட்டு, செங்கல்லு மாதிரி வழக்கமான கட்டடச் சாமான்ல இருக்கறதை விடப் பெருசா வித்தியாசப்படலேன்னு அதுல எழுதியிருக்கறாங்க. இன்னொண்ணும் கேட்டுக்க. ரேடியத்துல இருந்து ரேடான்னு ஒரு வாயு வரும், அதுதான் நுரையீரலுக்கு ஆகாது. சாம்பல் தூளு உலையில உருகிக் கண்ணாடியா எறுகுனது. அதனால உள்ளுக்குள்ள பொறக்கற ரேடான் லேசுல வெளிய வராது. 2014-ல அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சாம்பல் கலந்த கான்கிரீட்டை ஆராய்ஞ்சு பாத்து, இதனால வர்ற கெடுதல் சாம்பல் கலக்காததை விட ஜாஸ்தி இல்லேன்னு சொல்லிப் போட்டுது. சிமெண்டோட, சுண்ணாம்போட எறுகிக் கெடக்கறப்ப ஈயமும் ஆர்செனிக்கும் செவுத்துல இருந்து நடந்து வந்து உன்ற சோத்துல உழுகாது.

அளவுகோலும் இல்லாம இல்லே. கட்டடச் சாமான்ல ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூணையும் சேத்துக் கணக்குப் போட்டு, கிலோவுக்கு 370 பெக்கெரலுக்கு மேல போகக் கூடாதுன்னு உலகம் பூரா ஒரு வரம்பு வெச்சுப் பேசறாங்க. பெக்கெரல்னா என்னன்னு என்னைக் கேக்காதே, பேத்தி லீவுக்கு வர்றப்பக் கேளு. வரம்பு இருக்குது, அளக்க லேப் இருக்குதுங்கறது உனக்குத் தெரிஞ்சாப் போதும்.

"அப்ப மாமா, கழிவுல செஞ்ச கல்லு எல்லாமே நல்லதுன்னு சொல்லுங்க"ன்னு எந்திரிக்கறே பாரு. உக்காருடா. உன்ற அவசரத்துக்குத்தான் யாவாரிக காத்துக்கிட்டு இருக்கறாங்க.

அமெரிக்காவுல கொலராடோவுல கிராண்ட் ஜங்ஷன்னு ஒரு ஊரு. அங்க யுரேனியம் ஆலை ஒண்ணு 1950-கள்ல தொடங்கி ஓடுச்சு. யுரேனியத்தை எடுத்துட்டு மிஞ்சுன மணலு மலையாக் கெடந்துது. பாக்க நல்ல மணலு, நைசு, சும்மா கெடைக்குது. ஊருச் சனம் வண்டி கட்டி அள்ளிட்டுப் போயி அஸ்திவாரத்துக்கு அடியில போட்டாங்க, கலவையில சேத்தாங்க, பள்ளிக்கூடத்துக்கும் போட்டாங்க. 1966 வரைக்கும் இது நடந்துது. அப்பறம் அளந்து பாத்தா ஊட்டுக்குள்ள ரேடான். நாலாயிரத்துக்கு மேல எடங்களைத் தோண்டி எடுத்துச் சுத்தம் பண்ணுனாங்க. சும்மா கெடைச்ச மணலை அள்ளறதுக்கு ஆன செலவு எவ்வளவு, திருப்பி எடுக்கறதுக்கு ஆன செலவு எவ்வளவுன்னு அந்த ஊர்க்காரங்களைத்தான் கேக்கோணும்.

ஸ்வீடன்காரங்க நம்மளை விட வெவரமானவங்கன்னு சொல்லுவாங்க. அங்க ஆலம் ஷேல்னு ஒரு பாறை, அதுல யுரேனியம் இருக்குது. அதை எரிச்சு லேசான பிளாக்கு செஞ்சு, நீலக் கான்கிரீட்டுன்னு பேரு வெச்சு, 1929-ல இருந்து 1975 வரைக்கும் ஊடு ஊடாக் கட்டுனாங்க. லேசு, குளுரு தாங்குது, வெலை மலிவு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலே. அப்பறம்தான் ரேடான் தெரிஞ்சுது. இன்னிக்கும் லட்சக்கணக்கான ஊடுக அந்தப் பிளாக்கோட நிக்குது, சனம் சன்னல் தொறந்து காத்து வாங்கிக்கிட்டு இருக்குது.

இதுல நீ கத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. "கழிவு"ங்கறது ஒரு சாமானோட பேரு இல்லே. மேட்டூருச் சாம்பலும் கழிவு, யுரேனிய மணலும் கழிவு. ஒண்ணு நல்லா இருக்குதுன்னு சர்ட்டிபிகேட்டு வாங்கி இன்னொண்ணுக்கு ஒட்ட முடியாது.

நம்ம பக்கத்துக்கே வா. திருப்பூரு சாயப்பட்டறைக நொய்யலை என்ன பண்ணுச்சுன்னு ஒரத்துப்பாளையம் அணையைக் கேட்டாச் சொல்லும். 2011 ஜனவரியில ஐகோர்ட்டு பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. அப்பறம் தண்ணியைச் சொட்டுக்கூட வெளிய உடாமச் சுத்தம் பண்ற ஆலைக வந்துது. தண்ணி சுத்தமாச்சு, சந்தோசம். வடிகட்டுனது எங்க போச்சு? சேறா மூட்டை மூட்டையா அடுக்கிக் கெடக்குது. அதையும் கல்லுல கலக்கலாமான்னு காலேசுகள்ல ஆராய்ச்சி நடக்குது. நடக்கட்டும், நல்ல ஆராய்ச்சிதான். ஆனா ஆராய்ச்சி முடியற வரைக்கும் உன்ற படுக்கையறைச் செவுத்தைப் பரிசோதனைக் கூடமாக் குடுக்காதே.

ராணிப்பேட்டையில மூடிப்போன குரோமேட்டு கம்பெனி உட்டுட்டுப் போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல கெடந்து நெலத்தடி நீரை நாசம் பண்ணுச்சு. தோல் பட்டறைச் சேத்துலயும் குரோமியம் உண்டு. அதுல பெரும்பாலும் இருக்கறது சாதுவான குரோமியம். சூட்டுல போட்டாச் செல சமயம் அதுவே பொல்லாத குரோமியமா மாறிப் போகும். சூளையில போட்டுச் சுட்டுட்டா எல்லா விஷமும் செத்துப் போயிரும்னு ஒருத்தன் உங்கிட்டச் சொன்னா, அவனுக்கு வேதியியல் தெரியாது, இல்லாட்டி உனக்குத் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியும்.

உரக் கம்பெனியில மிஞ்சற பாஸ்போ ஜிப்சம் வேற கணக்கு. ராக் பாஸ்பேட்டுல இருக்கற ரேடியம் அதுல தங்கிப் போகும். அதனால நம்ம அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே 2009-ல ஒரு வரம்பு போட்டுது: கிராமுக்கு 1 பெக்கெரலுக்குள்ள ரேடியம் இருந்தாத்தான் கட்டடச் சாமானுக்குன்னு அப்படியே விக்கலாம். கல்லு செய்யறவன் ஜிப்சம் போடறேன்னு சொன்னா, எந்த ஜிப்சம்னு ஒரு வார்த்தை கேளு. மேட்டூருலயே அலுமினியக் கம்பெனி மிச்சம் வெச்ச செஞ்சேறு மலையாக் கெடக்குது, அது கடுங்காரம். 2010-ல ஹங்கேரியில இதே மாதிரிச் சேத்துக்குட்டை ஒடைஞ்சு பத்துப் பேரு செத்தாங்க.

சட்டமும் இதுகளைப் பிரிச்சுத்தான் வெச்சிருக்குது. 2016-ல வந்த அபாயக் கழிவு விதிகள்ல, சாம்பல், செஞ்சேறு, பாஸ்போ ஜிப்சம், உலைக் கசடு, எல்லாத்தையும் 'பெருமளவு, குறைந்த பாதிப்பு'ன்னு தனியா ஒதுக்கி உட்டாங்க. சாயச் சேறு மாதிரி அபாயப் பட்டியல்ல இருக்கறதைக் கல்லுல போடோணும்னா, ஒம்பதாம் விதிப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கிட்ட அனுமதி வாங்கோணும். அந்தக் காயிதம் இல்லாம ஒருத்தன் "கலர் கல்லு அண்ணா, பெயிண்டே வேண்டாம்"னு வித்தா, அந்தக் கலரு எங்கிருந்து வந்துதுன்னு யோசி.

இதுக்குத்தான் சொல்றேன், கல்லுக்கும் ஜாதகம் பாருன்னு. பொண்ணு பாக்கப் போனப்போ நீ என்னென்ன கேட்டே? ஊரு கேட்டே, ஒறம்பரை கேட்டே, பத்துப் பொருத்தம் பாத்தே. வாஸ்துக்காரரைக் கூட்டிட்டு வந்து கக்கூசு எந்தத் திக்குல இருக்கோணும்னு டேப்பு வெச்சு அளந்தே, கேட்ட காசு குடுத்தே. அம்பது வருசம் உன்ற குடும்பத்தைத் தாங்கப் போற கல்லை மட்டும், "அண்ணா, வெலை என்ன?"ன்னு ஒத்தைக் கேள்வியோட முடிச்சுப் போடறே.

என்ன கேக்கோணும்? சாம்பல் எந்த மின் நெலையத்துச் சாம்பல், பில்லு இருக்குதான்னு கேளு. பொகையில இருந்து காஞ்ச தூளாப் புடிச்சதா, குட்டையில தண்ணியோட கொட்டி வெச்சு அள்ளுனதான்னு கேளு. காஞ்சது நல்லது. குட்டைச் சாம்பல் பருபருன்னு இருக்கும், அம்புட்டுச் சீக்கிரம் எறுகாது. கரி செரியா எரியாத சாம்பலும் ஆகாது. 5 சதவீதத்துக்கு மேல எரியாத மிச்சம் இருக்கக் கூடாதுன்னு ஐ.எஸ். 3812 சொல்லுது. கறுகறுன்னு கல்லு இருந்தா அதைக் கேளு. கூட என்ன கலந்தேன்னு கேளு. அவன் சொல்லத் தயங்குனா, உனக்குப் பதில் கெடைச்சாச்சு.

இனி மாமன் மெய்யாலுமே பயப்படறது எதுக்குன்னு சொல்றேன். சாம்பக் கல்லுல கேன்சர் வந்தவனை நான் பாத்ததில்லே. சாம்பக் கல்லுல செவுரு வெடிச்சவனை நம்மூருலயே பாக்கறேன். இந்தக் கல்லு எறுகறதுக்கு நாளாகும். மெஷின்ல இருந்து எடுத்து ரெண்டு மூணு வாரமாவது தண்ணி ஊத்தோணும். 28 நாளுக் கணக்கை வெச்சுத்தான் பலம் பாப்பாங்க. யாவாரி என்ன பண்றான்? கல்யாணச் சீசன்ல எல்லாரும் ஊடு கட்டறாங்க, கிராக்கி ஜாஸ்தி, தண்ணி லாரிக்குக் காசு வேணும். அஞ்சாம் நாளே லோடு ஏத்தறான். பச்சைக் கல்லு உன்ற செவுத்துல உக்காந்து மெதுவாக் காயும், காயறப்பச் சுருங்கும், சுருங்கறப்ப வெடிக்கும். நீ கொத்தனாரைத் திட்டுவே. கொத்தனாரு சிமெண்டைத் திட்டுவாரு. சிமெண்டுக்காரன் டிவியில விளம்பரம் போட்டுக்கிட்டு இருப்பான்.

அதனால கல்லை நீயே சோதிச்சுப் பாரு, இதுக்கு இஞ்சினீயரு வேண்டாம். ரெண்டு கல்லை ஒண்ணோட ஒண்ணு தட்டு, கணீர்னு கேக்கோணும். இடுப்பு உசரத்துல இருந்து மண்தரையில போடு, ஒடையக் கூடாது. நகத்துல கீறு, பொடி உதிரக் கூடாது. காஞ்ச கல்லை எடை போட்டு, ஒரு நாள் பூரா தண்ணித் தொட்டியில போட்டு, தொடைச்சுட்டுத் திருப்பி எடை போடு. சாதாரண வகைக் கல்லுக்கு 20 சதவீதத்துக்கு மேல ஏறக் கூடாது. 3 கிலோ கல்லு 3 கிலோ 600 கிராமைத் தாண்டுனா, அது மழைக்காலத்துல உன்ற செவுத்துக்குள்ள கெணறு வெட்டும். இதுல ஒரு சௌகரியம், செங்கல்லுக்கும் இதே பரிட்சைதான்.

மிச்சத்தை லேப்புல குடு. ஊருக்கு ரெண்டு இஞ்சினீயரிங் காலேசு இருக்குது, கல்லை நசுக்கற மெஷினு அங்க சும்மா தூங்குது. சாம்பல் சுண்ணாம்புக் கல்லுக்கு ஐ.எஸ். 12894, சாம்பல் சிமெண்டுக் கல்லுக்கு ஐ.எஸ். 16720. கல்லு 7.5 வகைன்னு சொன்னா, ஊறவெச்ச ஈரத்துலயே ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமாரா 75 கிலோ தாங்கோணும். பட்டறை வாசல்ல ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் போர்டுல வரைஞ்சு வெச்சிருப்பாங்க. போர்டு வெச்சு நீ ஊடு கட்டப் போறதில்லே. லைசென்சு நம்பரைக் கேளு.

கொத்தனாரு கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெய்யி. செங்கல்லை ஊறப் போடற மாதிரி இதைத் தொட்டியில முக்கி எடுக்கக் கூடாது, லேசாத் தெளிச்சாப் போதும். மொகம் வழுவழுன்னு இருக்கறதால பூச்சு புடிக்கறதுக்கு மூட்டுல கலவையைச் சொரண்டி உடோணும். அவரு "முப்பது வருச சர்வீசு"ம்பாரு. முப்பது வருசமும் செங்கல்லு கூடன்னு நீ சொல்லு. சண்டை வந்தா நான் இருக்கறேன்.

இன்னொரு பயம் இருக்குது மாப்ளே, அது உனக்கில்லே. அதனாலதான் உன்ற வாட்ஸப்புல வரலே. செவுத்துல எறுகுன சாம்பல் சும்மா கெடக்கும். காத்துல பறக்கற சாம்பல்தான் ஆளைத் தின்னும். கல்லுப் பட்டறையில மூட்டை பிரிச்சுக் கொட்டறவங்க, ஒயரு பைப்பு பதிக்க உன்ற செவுத்தை மெஷின் போட்டு அறுக்கறவங்க, நாளைக்கு இந்த ஊட்டை இடிக்கப் போறவங்க, இவங்க நெஞ்சுக்குள்ளதான் அந்த நைசுத் தூளு போகுது. சிலிக்காத் தூசி நுரையீரல்ல தங்குனா வர்ற சிலிகோசிஸுக்கு மருந்து கெடையாது. சித்தாளு முந்தானையை மூக்குல கட்டிக்கிட்டு வேலை செய்யுது. நீ தள்ளி நின்னுக்கிட்டு, "இந்தக் கல்லு என்ற ஒடம்புக்கு ஆகுமா?"ன்னு கேக்கறே.

அப்பறம் சாம்பல் குட்டைக்குப் பக்கத்துல குடியிருக்கறவங்க. சென்னைக்குப் பக்கத்துல எண்ணூருல கொசஸ்தலையாத்து முகத்துவாரத்துல சாம்பல் சேறு படிஞ்சு, மீனு புடிக்கற சனம் வருசக்கணக்காக் கத்திக்கிட்டு இருக்குது. 2017-ல பாடகரு டி.எம். கிருஷ்ணா அங்க போயி நின்னுக்கிட்டு பொறம்போக்குப் பாட்டுப் பாடுனாரு. அதுக்கப்பறம்தான் பட்டணத்துல பாதிப் பேருக்கு அப்படி ஒரு எடம் இருக்கறதே தெரிஞ்சுது. அமெரிக்காவுல டென்னிசி மாநிலத்துல கிங்ஸ்டன்ங்கற ஊருல 2008 டிசம்பர்ல சாம்பல் குட்டைக் கரை ஒடைஞ்சு ஆத்தையும் ஊடுகளையும் மூடுச்சு. அதைச் சுத்தம் பண்ணப் போன கூலிக்காரங்க நெறையப் பேரு சீக்காளியாகிக் கோர்ட்டுப் படியேறுனாங்க. எறுகாத சாம்பல் எங்க கெடந்தாலும் நெலத்தடி நீருல எறங்கும், காத்துல ஏறும். அதைக் கல்லாக்கிச் செவுத்துல வெக்கறது குட்டையில கெடக்கறதை விட ஆயிரம் மடங்கு மேலு. நல்ல கல்லா, நல்லா ஆறவெச்ச கல்லா இருந்தா, நீ ஊடு கட்டறதோட எண்ணூருக்காரனுக்கும் ஒரு கூடைச் சாம்பலைக் கொறைச்சுக் குடுக்கறே.

ஆனா இதைச் சொல்லியே நெலக்கரியை மேலும் மேலும் எரிச்சுச் சாம்பலைக் குமிக்கறவனுக்குக் கைதட்டாதே. "எல்லாம் கல்லாக்கிப் போட்டோம், கணக்கு நேராச்சு"ன்னு காயிதத்துல எழுதறது லேசு. பள்ளத்துல கொட்டி மேல மண்ணு மூடுனதையும் அதே கணக்குல 'பயன்பாடு'ன்னு சேத்து எழுதிக்கறாங்க. அதைப் பாத்துக் கேள்வி கேக்க ஊராட்சிக் கூட்டத்துக்குப் போகோணும். போறியா? கிராம சபைன்னா உனக்கு வேலை வந்துரும், கிரிக்கெட்டுன்னா லீவு வந்துரும்.

ஆகவே மாப்ளே, சாம்பக் கல்லுல தாராளமாக் கட்டு. பில்லு வாங்கு, லேப் சீட்டு வாங்கு, 28 நாளு ஆன கல்லை மட்டும் எறக்கு. அறுக்கறவங்களுக்கும் சித்தாளுகளுக்கும் நல்ல மாஸ்க்கு உன்ற காசுல வாங்கிக் குடு. தண்ணி தெளிச்சு அறுக்கச் சொல்லு. சாயச் சேறு, தோல் சேறு, பேரு சொல்லாத பொடி, இதுல எதாவது கலந்ததுன்னு தெரிஞ்சா சும்மா குடுத்தாலும் தொடாதே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனுப் போடு. பயத்தை வாட்ஸப்புல அனுப்பறதுக்குப் பதிலா அங்க அனுப்பு. சீட்டு இல்லாத கல்லு செவப்போ கருப்போ, எந்த நெறத்துல வந்தாலும் வந்த லாரியிலயே திருப்பி அனுப்பிப் போடு.